அக்காவின் பால்கனியில் என் கறிவேப்பிலை

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் குடியிருந்துகொண்டு கறிவேப்பிலைக்கு அலைந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டுப் படியால் இறங்கினால் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு தமிழ்க் கடைகள். வாழைப்பொத்தி கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், கோயிலுக்கு வெற்றிலை பாக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கறிவேப்பிலை மட்டும் இல்லை. விமான நிலையத்தில் பெட்டிகளை மறித்து வைத்துச் சோதிக்கிறார்களாம், பூச்சிமருந்து கூடவாம் என்று கடைக்கார அண்ணை சொன்னார். அடுத்த கிழமை வரும் என்றார். அடுத்த கிழமை போனபோதும் அதையேதான் சொன்னார்.

என் மனைவி 2009 இல்தான் பாரிசுக்கு வந்து சேர்ந்தவள். நான் சொல்லும் குளிர்காலம் அதற்கு மூன்று நான்கு வருடங்களுக்குப் பிறகு வந்தது. விடிய ஒரு அலுவலகம் துப்புரவாக்கும் வேலைக்குப் போய் வந்து, பத்து மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவாள். மற்ற எதிலும் அவள் விட்டுக்கொடுப்பாள், கறிவேப்பிலையில் மாட்டாள். மீன்குழம்பை இறக்கும்போது இலைக்காம்போடு ஒரு நெட்டு, தேங்காய்ப்பால் சொதிக்கு ஒரு நெட்டு, மிளகாய்த்தூள் வறுக்கும்போது ஒரு பிடி, தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் காய்ச்சும்போது இன்னொரு பிடி. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் சொதிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு, “இது பால்தண்ணி. சொதியெண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ” என்றாள்.

கிடைத்த காலத்தில் கூடுதலாக வாங்கி உறையவைத்தும் பார்த்திருந்தோம். வெளியே எடுத்தால் நனைந்த கடதாசி போலக் கறுத்துக் கிடந்தது. காயவைத்துப் போத்தலில் அடைத்தோம். திறந்தால் வைக்கோல் மணம். கறிவேப்பிலையின் மணம் முழுவதும் அதன் பச்சையில்தான் இருக்கிறது. நெட்டிலிருந்து உருவிய கையோடு எண்ணெயில் போட்டால்தான் அது கறிவேப்பிலை.

நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். எங்கள் சமையலறையில் இனிப்புப் பகுதியில் ரெயூனியன் தீவைச் சேர்ந்த ஒருவர் வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என் ஆத்திரத்தை அவரிடம் கொட்டினேன். அந்த இலைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சின்ன இலைகள், சூடான எண்ணெயில் போட்டால் வெடிக்கும் என்று கையால் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “கலுப்பிலே” என்றார்.

திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் கலுப்பிலே என்றார். அவருடைய முன்னோர்களில் யாரோ தமிழராம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களாம். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் அவர் வாயில் இருந்தது, அது தமிழ் என்று அவருக்குத் தெரியாமலே இருந்தது. எங்கள் ஊரில் இதைக் கறிவேப்பிலை என்போம் என்று நான் சொன்னதும் அவர் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அவர் வீட்டின் பின்பக்கம் கண்ணாடி அடைத்த ஒரு சிறிய கூடத்தில் ஆளுயரக் கறிவேப்பிலை நின்றது. அந்த வருடம் கோடை முடிவில் அது பழுத்தபோது, ஒரு கோப்பிக் கிண்ணத்தில் பதினொரு கறுத்த பழங்கள் கொண்டுவந்து தந்தார். இன்றைக்கே நட்டுவிடு, தோலையும் சதையையும் கழுவி எடு, காயவிட்டால் முளைக்காது என்றார். கடையில் பாக்கெட்டில் வரும் காய்ந்த விதையை நட்டு நட்டு ஏன் ஏமாந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

தயிர்க் கிண்ணங்களின் அடியில் துளை போட்டு, மண்ணோடு மணல் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு விதை வைத்தேன். சுவரிலிருந்த வெப்பமூட்டிக்கு மேலே ஒரு பலகை அடித்து, கிண்ணங்களை அதில் வரிசையாக வைத்தேன். கறிவேப்பிலை விதைக்கு அடியிலிருந்து சூடு வேண்டும். நான்கு விதைகள் முளைத்தன. மிச்சம் ஏழையும் ஒன்றரை மாதம் கழித்துக் கிண்டிப் பார்த்தேன், அழுகிக் கிடந்தன.

முளைத்த நான்கில் இரண்டை என் மனைவி தண்ணீர் ஊற்றியே கொன்றாள். அவளுக்கு இரக்கம் கூட. மேல்மண் கொஞ்சம் வெளுத்தால் உடனே ஊற்றுவாள். வேரில் தண்ணீர் நின்றால் இது அழுகிப்போகும், விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று என்று பலமுறை சொல்லியிருந்தேன். “விரலை விட்டுப் பாக்கிறதுக்கு இதென்ன குழந்தைப்பிள்ளையோ” என்றாள். மூன்றாவது கன்றை யன்னல் திறக்கும்போது நானே தட்டி முற்றத்தில் விழுத்தினேன். மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்று முதல் வருடம் முழுக்க ஒரு சாண்கூட வளரவில்லை. எங்கள் வீட்டு யன்னல்கள் இரண்டும் உள்முற்றத்தைப் பார்த்தவை. எதிரே ஆறு மாடிச் சுவர். வெயில் அந்தச் சுவரின் உச்சியில் விழுந்துவிட்டுப் போய்விடும். எங்களுக்கு வருவது அதன் வெளிச்சம் மட்டும். நான் சாடியைத் தினமும் கால்வட்டம் திருப்பி வைப்பேன். மார்கழி வந்தால் இலை மஞ்சளாகிக் கொட்டும். மாசியில் தண்டில் மண்ணிறப் பொட்டுகள் தோன்றும். முதலில் அது மரத்தின் இயல்பென்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினால் பூச்சி. ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிற சாதி. சவர்க்காரத் தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து ஒவ்வொரு காம்பாகத் துடைத்தேன். பத்து நாளில் திரும்பவும் வந்தது. திரும்பவும் துடைத்தேன். இப்படி இரண்டு குளிர்காலம் போனது. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அதிலிருந்து கறிக்குப் போட்டது எல்லாமாக ஏழெட்டு நெட்டு இருக்கலாம்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஒரே ஒரு அக்கா. பாரிசுக்கு வெளியே, சார்செலில் ஏழாம் மாடியில் இருக்கிறாள். என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டதும், முதல் இரண்டு வருடம் தன் வீட்டு வரவேற்பறையில் படுக்க இடம் தந்ததும், காகிதங்களுக்காக என்னோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதும் அவள்தான். அதனால் அவள் என்ன சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவள் வீட்டு பால்கனி தெற்கே பார்த்தது. முன்னால் மறைக்க எதுவும் இல்லை. காலையிலிருந்து பின்னேரம்வரை வெயில் அப்படியே கிடக்கும்.

மூன்றாவது வருட வைகாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் கன்றைப் பார்த்துவிட்டு, இதை ஏன் இருட்டில் வைத்து வதைக்கிறாய், கோடைக்கு என்னிடம் கொண்டுவந்து விடு என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பைக்குள் சாடியை வைத்து, ரயிலில் இரண்டு கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சார்செலுக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் கோடையில் அது வளர்ந்த வளர்த்தியை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய் நுனியைக் கிள்ளிவிட்டேன். நுனி கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை வெடிக்கும், இல்லாவிட்டால் தடி போல மேலே போய்க்கொண்டேயிருக்கும். பூக்கக் கட்டிய மொட்டுக்கொத்தையும் கிள்ளி எறிந்தேன். வேர் சாடியை நிரப்பியதும் பெரிய சாடிக்கு மாற்றினேன். அக்கா புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். ஆவணி முடிவதற்குள் என் இடுப்புக்கு மேலே வந்து, கரும்பச்சையாகப் பளபளத்துக்கொண்டு நின்றது.

புரட்டாதி நடுவில் எடுத்துவரப் போனேன். பையோடு போயிருந்தேன். அக்கா பையைப் பார்த்தாள்.

“இதை எங்கை கொண்டுபோகப்போறாய்?”

“வீட்டை. குளிர் வரப்போகுதல்லோ.”

“உன்ரை வீட்டிலை வெயில் எங்கையடா இருக்கு? கொண்டுபோனியெண்டால் செத்துப்போகும். இஞ்சை நிக்கட்டும். உனக்கு வேணுமெண்டால் வந்து பிடுங்கிக்கொண்டு போ.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வெறும் பையோடு திரும்பி வந்தேன். பைக்குள் ஆறு நெட்டு மட்டும் கிடந்தது.

அதன்பிறகு அது அக்காவின் கன்றாகிவிட்டது. அவளுடைய கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி வந்து கேட்டார்கள். அக்கா பால்கனிக்குப் போய், கிளையோடு முறித்துக் கொடுத்தாள். கத்தரிக்கோலால் காம்படியில் வெட்டுங்கோ என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கையாலேயே முறித்தாள், பட்டை உரிந்து தொங்கியது. கோயில் அன்னதானத்துக்கு அரைவாசியை வெட்டிக் கொடுத்தாள். நான் போய்ப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் என் முன்னாலேயே, “அக்கான்ரை கருவேப்பிலைக் கண்டு என்ன செழிப்பு” என்றார். அக்கா என்னைப் பார்க்காமல், “ஓம், நான் பாக்கிற பார்வை அப்பிடி” என்றாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி கறி கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்கள் ஏன் வாயைத் திறக்கேல்லை? எங்கடை கண்டெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே.” அக்காவிடம் ஒரு செடியைத் திருப்பிக் கேட்பதற்குக் கூட, அவள் வரவேற்பறையில் நான் படுத்த இரண்டு வருடங்களையும் கடந்துதான் போகவேண்டியிருந்தது. அதை மனைவிக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அவள் அந்தக் கோபத்தை வெங்காயத்தில் காட்டினாள்.

கார்த்திகையில் அக்காவுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் உள்ளே எடுக்கவேண்டும், உறைபனி ஒருநாள் பட்டாலே போய்விடும் என்றேன். தனக்குத் தெரியும் என்றாள். மார்கழி முதல் கிழமை அவளுடைய மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று கனடாவுக்குப் பறந்துபோனாள். வீட்டில் அத்தான் மட்டும். அவர் நல்ல மனிதர், ஆனால் வேலைக்குப் போனால் வேலை, வீட்டுக்கு வந்தால் டிவி. பால்கனிக் கதவைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

குளிர் இறங்கப்போகிறது என்று செய்தியில் சொன்ன அன்றே அவருக்குப் போன் எடுத்தேன். “அத்தான், கருவேப்பிலையை உள்ளை எடுத்துவைச்சியளே?” என்றேன். “ஓம் ஓம், எடுத்துவைப்பம்” என்றார். அந்த ‘வைப்பம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. நானே போயிருக்கவேண்டும். ஆனால் அது கிறிஸ்மசுக்கு முந்திய கிழமை, உணவகத்தில் எல்லாருக்கும் இரண்டு நேரமும் வேலை, ஒருநாள் விடுப்புக் கேட்டாலே முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிற காலம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐந்து நாள் போய்விட்டது.

ஆறாம் நாள் போய்ப் பார்த்தபோது சாடி பால்கனியிலேயே நின்றது. இலையெல்லாம் கறுத்து, அவித்த கீரை மாதிரி தண்டோடு ஒட்டித் தொங்கியது. தண்டைப் பிடித்தால் மெத்தென்று அமிழ்ந்தது. அத்தான் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “சே, மறந்துபோனன் தம்பி” என்றார். சாடியைத் தூக்கிப் பைக்குள் வைத்தேன். ரயிலில் இருந்தபோது அந்தக் கறுத்த இலைகளிலிருந்து கறிவேப்பிலை மணம் வந்துகொண்டேயிருந்தது. முன்னாலிருந்த ஒரு அம்மா மூக்கை உயர்த்தி அது என்ன மணம் என்று பார்த்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. செத்த செடிக்கு நாற்பது வயது ஆம்பிளை ரயிலில் அழுவதா என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று கிழமை அக்காவோடு பேசவில்லை. அவள் எடுத்த அழைப்புகளை விட்டுவிட்டேன். நாலாவது கிழமை மனைவி தன் போனை என் கையில் திணித்தாள். மறுமுனையில் அக்கா. குழந்தை சுகம், ஸ்னோ முழங்கால்வரை என்று ஏதேதோ சொன்னாள். நான் ம் கொட்டினேன். கடைசியில் அவளே, “அத்தான் சொன்னவர். அது பட்டுப்போச்சாம்” என்றாள்.

“அக்கா, அது என்ரை கண்டு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

“ஓமடா, உன்ரைதான். நான் எப்ப இல்லையெண்டனான்?”

இரண்டு குளிர்காலம் பூச்சி துடைத்ததையும், வெறும் பையோடு திரும்பியதையும், என் கன்றின் இலையை அவளிடம் கேட்டு வாங்கியதையும் ஒரேயடியாகச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “பிள்ளையள் போனாப்பிறகு என்ரை கதவை ஒருத்தரும் தட்டுறேல்லை, தம்பி. இந்தக் கருவேப்பிலைக்குத்தான் ஆக்கள் வந்தவை. வந்தால் இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவினம்.”

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. இப்படிச் சொன்னபிறகு கோபப்படவும் முடியவில்லை, கோபம் போகவுமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். மனைவி, “கேட்டியளே?” என்றாள். கேட்டேன் என்றேன்.

ரெயூனியன்காரர்தான் எறியவேண்டாம் என்றார். தண்டை நகத்தால் கீறிப் பார், பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிடு, வைகாசிவரை பொறு, கலுப்பிலே லேசில் சாகாது என்றார். கீறிக்கொண்டே போனேன். மேலே எங்கும் மண்ணிறம். மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில்தான் ஒரு நூலளவு பச்சை தெரிந்தது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் வெட்டினேன். ஒரு குச்சி மிஞ்சியது. தண்ணீரை மிகவும் குறைத்தேன். மனைவி அந்தச் சாடியைக் கடந்து போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பாள்.

பங்குனி போனது. சித்திரை போனது. வைகாசி இரண்டாம் கிழமை குச்சியின் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. மூன்று நாளில் அது இலையானது. ஒரு மாதம் கழித்து, குச்சியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேரிலிருந்தே இன்னொரு முளை மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. கறிவேப்பிலைக்கு அந்தக் குணம் உண்டு. வேரில் அடிபட்டால் அங்கிருந்தும் கிளம்பும்.

அந்த வேர்முளையை என்ன செய்வதென்று இரண்டு கிழமை யோசித்தேன். பிரித்தால் தாய்க்கன்று தாங்குமோ தெரியாது. பிரித்து, தனிச் சாடியில் வைத்து வளர்த்தால் அதை அக்காவுக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணம் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. பிழை செய்தவளுக்கே ஒரு கன்றா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என் கேள்வியை முன்கூட்டியே தெரிந்தவள் போல, “அவ திரும்பவும் கேட்டு வாறதுக்கு முந்திக் குடுத்திட்டால், இதையாவது எங்களுக்கு விடுவா” என்றாள்.

ஆடியில் கூரான கத்தியால் வேரை அறுத்துப் பிரித்தேன். தாய்க்கன்று பத்து நாள் தலை தொங்கியது. அந்தப் பத்து நாளும் நான் யாரோடும் நல்லபடி பேசவில்லை. பிறகு நிமிர்ந்தது. வேர்முளை பிடித்துக்கொண்டதும் அதை அக்காவிடம் கொண்டுபோனேன். இந்த முறை அத்தான் பால்கனிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்: ‘கார்த்திகை – உள்ளே.’ அக்கா சாடியை வாங்கி, தரையில் வைத்து, இலையை முகர்ந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணி போட உள்ளே போனாள். இருவரும் பால்கனியில் இருந்து அதைக் குடித்தோம். அவள் கன்று இப்போது என்னுடையதைவிட இரண்டு மடங்கு உயரம். அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஒரு சின்ன எரிச்சல் வருகிறது. மறைப்பதற்கில்லை.

இதற்கிடையில் நாங்கள் அரச குடியிருப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். வருடங்களாக ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் சார்செலுக்குப் பக்கத்து ஊரான ஸ்தேனில் ஒரு வீடு இருப்பதாகக் கடிதம் வந்தது. மூன்று அறை, ஐந்தாம் மாடி, பால்கனியோடு. பால்கனி என்ற சொல்லைப் பார்த்ததும் நான் மிச்சக் கடிதத்தை வாசிக்கவில்லை. பார்க்கப் போனபோது கதவைத் திறந்து நேரே பால்கனிக்குப் போய், போனில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். வடக்கு. இரண்டு தரம் சுற்றி நின்று பார்த்தேன். வடக்குத்தான்.

கூட்டிவந்த அலுவலகப் பெண் வீடு பிடிக்கவில்லையா என்று கேட்டார். மறுத்தால் அடுத்த கடிதம் எப்போது வருமோ தெரியாது. மறுப்பதற்கு ஒரு காரணமும் எழுதிக் கொடுக்கவேண்டும். கறிவேப்பிலைக்கு வெயில் காணாது என்று எந்தப் படிவத்தில் எழுதுவது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குசினியில் நின்று அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ” என்றாள் தமிழில். பிடித்திருக்கிறது என்றேன் பிரெஞ்சில்.

ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பால்கனியின் வலது மூலைக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம் வெயில் வருகிறது. பின்னேரம் இடது மூலைக்கு இன்னொரு ஒரு மணி நேரம். சாடிக்கு அடியில் சில்லுப் பூட்டிய பலகை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன் வலது மூலைக்குத் தள்ளுவேன். பின்னேரம் மனைவி அதை இடது மூலைக்குத் தள்ளுவாள். அவள் மறந்துவிட்டால் வேலை முடிந்து வந்து சத்தம் போடுவேன். அவளும் விடமாட்டாள்.